பழைய நாற்காலி

வீட்டுப் பொருள் ஒன்று பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்னும் ஐயம் எல்லார்க்கும் எழுவதாகும். அதனைத் தீர்க்கும் முறையை ஒரு நாற்காலியைக் கொண்டே அறியலாம்.

புதுச்சேரியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள ஊர் கரையாம்புத்தூர். அங்கு ஒரு வீட்டில் பாட்டனார் காலத்துத் தேக்கு நாற்காலி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன் பிரம்புப் பின்னல் அறுந்து தொங்குகிறது. ஒரு கால் ஆடுகிறது. கடையிலோ நெகிழி நாற்காலி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அவ்வீட்டார் செய்யத்தக்கது யாது?

பின்னல் அறுந்தமையால் நாற்காலியே கெட்டது எனக் கருதுதல் தவறு. நாற்காலிக்கு உயிர்நிலை அதன் மரச்சட்டமே. பின்னல் அதற்கு ஆடை போன்றது. ஆதலின், நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களின் அடியையும் மூட்டுகளையும் முதலில் ஆராய்தல் வேண்டும். தட்டும்போது உள்ளீடற்ற ஒலி எழுந்தாலும், குத்தூசி எளிதில் இறங்கினாலும், மரத்தூள் உதிர்ந்தாலும், கரையானோ வண்டோ அரித்துள்ளது என ஐயுறலாம். சட்டம் முழுவதும் அரிக்கப்பட்டிருப்பின் அதற்குப் பொருள் செலவிடுதல் வீண். மூட்டு மட்டும் தளர்ந்திருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. தச்சர் அதனைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி நீக்கி, புதுப்பசை இட்டு இறுக்கிவிடுவார்.

சட்டம் உறுதியாயின் பின்னலைப் புதுப்பிக்கலாம். பிரம்பு, காட்டு மரங்களைப் பற்றிப் படரும் பனையினத்துக் கொடி. அதன் மேற்றோலிலிருந்து சீவிய நாரை நீரில் ஊறவைத்து, சட்டத்தின் துளைகள் வழியே நெடுக்காகவும் குறுக்காகவும், பின்னர் மூலைவாட்டாகவும் பின்னுவர். நார் உலர்ந்து சுருங்கப் பின்னல் இறுகும். அதன் கண்கள்தோறும் காற்றுப் புகுதலின் வெப்ப நாட்டிற்கு அஃது ஏற்றது. துளைகளை விரலால் தடவி எண்ணியே பின்ன இயலுமாதலின், பார்வையற்றோர் பள்ளிகளில் இத்தொழில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டுப் பலர்க்கு வாழ்வளித்தது.

1859ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மைக்கேல் தோனெட் என்பவர், வளைத்த மரத்துண்டுகள் ஆறினைத் திருகாணிகளால் பூட்டி ஒரு நாற்காலியை அமைத்தார். அதன் இருக்கையும் பிரம்புப் பின்னலே. கழற்றிப் பூட்டத்தக்கதாதலின் அதில் பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றலாம். ஒரே வார்ப்பாகிய நெகிழி நாற்காலியோ, ஒரு கால் முறிந்தால் முழுவதும் பயனற்றதாகிவிடும்.

செலவையும் ஆண்டுக் கணக்கில் பார்த்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 600 ரூபாய் நாற்காலி 4 ஆண்டு உழைப்பின், ஆண்டுக்கு 150 ரூபாய் ஆகும். 1,800 ரூபாயில் செப்பனிட்டது 15 ஆண்டு உழைப்பின், ஆண்டுக்கு 120 ரூபாயே ஆகும். ஒருங்கே அத்தொகையைச் செலவிட இயலாதார், இப்போதைக்கு மூட்டினை மட்டும் இறுக்கி, மலிவான நெகிழி நாடாவால் பின்னிக்கொள்ளலாம்; சட்டம் உள்ளவரை பிரம்பைப் பின்னரும் இடலாம்.

புதிது என்பதற்காகவே ஒன்றைக் கொள்ளுதலும், பழையது என்பதற்காகவே ஒன்றைக் காத்தலும் அறிவுடைமை ஆகா. மேற்பரப்பின் கிழிசலைக் கண்டு மயங்காது, உள்ளிருக்கும் உறுதியை ஆராய்ந்து முடிவு செய்தலே சிறந்த சிக்கனமாகும்.