மின்னணுக் கொள்முதலும் அரசு ஊழியரும்

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அமைந்த பகுதி கார்டன் ரீச். 1955-இல் தோன்றிய தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகமும், 1960-இல் இந்திய அரசின் உடைமையாகிய கப்பல் கட்டும் தளமும் இங்கேதான் உள்ளன. திருகாணியிலிருந்து போர்க்கப்பலின் இயந்திரம்வரை ஆண்டு முழுவதும் பொருள் வாங்கிக்கொண்டேயிருக்கும் அமைப்புகள் இவை. கொள்முதல் முறை மாறும்போது அரசு ஊழியரின் மனம் எங்ஙனம் மாறுகிறது என்பதை ஆராய இதனினும் பொருத்தமான இடம் அரிது.

பழைய முறையை நினைவுகூர்வோம். பூட்டிய பெட்டியில் ஒப்பந்தப்புள்ளி உறைகள் விழும். குறித்த நேரத்தில் பெட்டி திறக்கப்படும். வணிகர்கள் முன்னிலையில் விலைகள் உரக்கப் படிக்கப்படும். அடித்தல் திருத்தல்களை வட்டமிட்டு அலுவலர்கள் சுருக்கொப்பம் இடுவர். பிந்தி வந்த உறையால் எழுந்த பூசல்கள் பல.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பளித்தது. இரயில்வே தகவல் அமைப்பு மையமான கிரிஸ், இரயில்வேக்கென மின்னணுக் கொள்முதல் அமைப்பொன்றை உருவாக்கியது. 2016-இல் அரசு மின் சந்தையான ஜெம் வந்தது. மறு ஆண்டே, மைய அரசின் பழைய வழங்கல் தலைமை இயக்ககம் மூடப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் மின்னணு முறையைக் கட்டாயமாக்கின.

இங்குதான் ஆய்வாளர்க்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. 1989-இல் ஃபிரெட் டேவிஸ் வகுத்த கோட்பாட்டின்படி, ஒரு கருவி பயன் தரும், கையாள எளிது என்ற இரு நம்பிக்கைகளே அதனை ஏற்கச் செய்கின்றன. ஆனால் விருப்பம்போல் பயன்படுத்துவதும் ஆணையின்பேரில் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. வெங்கடேஷும் பிறரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டையும் கணக்கில் கொண்டது. அரசு அலுவலகத்தில் கணிப்பொறி வழியே சென்ற ஒப்பந்தப்புள்ளிகளை எண்ணுவதால் ஆணை நிறைவேறியதை அறியலாமேயன்றி, ஏற்பினை அறிய இயலாது.

அவ்வாறாயின் ஏற்பினை எங்கே காண்பது? திரையில் உள்ளதனைத்தையும் அச்சிட்டு இணையாக ஒரு கோப்பு வளர்க்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலலுவலரின் கையொப்பச் சாவி அவரிடமே உள்ளதா, உதவியாளரின் மேசை இழுப்பறையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னது சிறு பழக்கமன்று. சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக் காப்பது உரியவரின் கடமை என மேற்கூறிய சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதிக்கிறது. உதவியாளர் அழுத்தினும் பொறுப்பு அலுவலருடையதே.

இத்தகைய தயக்கத்தை வயதின் குறையாகவும் அறியாமையாகவும் கொள்வது வழக்கம். அது பாதி உண்மைதான். ஊழியர் அஞ்சுவது பொறியைக் காட்டிலும் தணிக்கையை. தாள்கோப்பில் அவரது குறிப்புக்கு மேல் நால்வரின் ஒப்பம் இருக்கும்; பொறுப்பு பகிரப்பட்டிருக்கும். திரையிலோ ஒவ்வொரு செயலும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. பிழை யாருடையது என்பதில் ஐயமிராது. ஆனால் அதே பதிவு அவருக்குக் கவசமுமாகும். குறித்த நேரத்திற்குமுன் விலைகளை எவரும் காண இயலாதாகையால், விலையைக் கசியவிட்டார் என்ற பழி எளிதில் அவர்மேல் விழாது. பிந்திய புள்ளியைப் பொறியே மறுத்துவிடும். இதனை உணர்ந்த எழுத்தர் இணைக்கோப்பைத் தாமே கைவிடுவார் எனலாம்.

எல்லாப் பொருளுக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது. இரயில்வே ஆண்டுதோறும் வாங்கும் உதிரிப் பாகங்களுக்கு விற்போர் பலர்; விவரக்குறிப்பும் நிலையானது. போர்க்கப்பலின் தனிக் கருவிக்கோ விற்போர் மிகச் சிலர். விவரக்குறிப்பை வரையறுப்பதிலேயே நீண்ட கலந்தாய்வு வேண்டும். அவ்வகைக் கொள்முதலில் அலுவலர் காட்டும் தயக்கத்தை எதிர்ப்பு என எண்ணிவிடலாகாது.

பயிற்சி வகுப்புகளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று கற்பித்தால் மட்டும் போதாது. இறுதி நேரத்தில் இணைப்பு அறுந்தால் காலநீட்டிப்பு ஆணையிட வல்லவர் யார், அதனை எங்ஙனம் பதிவது, பின்னர் தணிக்கையாளருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்பனவும் பாடத்தில் இடம்பெற வேண்டும். பண்டகசாலை எழுத்தர் முதலில் கேட்கும் வினாக்கள் அவையே.