தொல்லியலில் மண்ணறிவியல்: முக்கியக் குறிப்புகள்

அகழாய்வு என்றதும் பானை ஓடு, காசு, மணி என்று கிடைத்த பொருள்களை மட்டும் மனப்பாடம் செய்வது தேர்வர்களின் வழக்கம். ஆனால் ஒரு பொருளின் காலத்தையும் பயன்பாட்டையும் உறுதிசெய்வது பெரும்பாலும் அது கிடந்த மண்தான். இந்தக் கோணத்தோடு படித்தால் தனித்தனியாக நிற்கும் பல தகவல்கள் தாமாகவே இணைந்துகொள்ளும்.

• முதலில் ஒரு வேறுபாடு. ஆறும் காற்றும் சுமந்து வந்து கொட்டியது படிவு. ஒரே இடத்தில் நிலைத்துக் கிடந்து வெயில், மழை, வேர், புழு ஆகியவற்றால் மாறியது மண். படிவுகளுக்கு நடுவே பழைய மண்ணடுக்கு தெரிந்தால், அந்த நிலப்பரப்பு நெடுங்காலம் அசையாமல் இருந்தது என்று பொருள். மனிதத் தடயங்களை அங்கே கவனமாகத் தேடுவார்கள்.

• அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும், மகரந்தம் தங்கும். கார மண்ணில் எலும்பு நிலைக்கும். ஆகவே எலும்பு கிடைக்காத இடத்தை 'இங்கே புதைக்கவில்லை' என்று உடனே முடிவுகட்டக் கூடாது. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் அமில மணல் உடல்களைத் தின்றுவிட்டது. பல குழிகளில் ஆள் வடிவத்தில் மணற்கறை மட்டுமே மிஞ்சியது.

• பாஸ்பேட் சோதனை: எலும்பு, சாணம், சமையல் கழிவு, சாம்பல் எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. அது இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு பிணைந்து மண்ணிலேயே தங்கிவிடும். மழையில் எளிதில் கரைந்து போகாது. 1920களில் ஸ்வீடனில் சர்க்கரை பீட்ரூட் விளையும் நிலங்களை ஆய்வு செய்த ஓலோஃப் அரேனியஸ், பழைய குடியிருப்பு இருந்த இடங்களில் பாஸ்பேட் மிகுந்திருப்பதைக் கண்டார். (இவர் 1903இல் வேதியியல் நோபல் பெற்ற ஸ்வாந்தே அரேனியஸின் மகன். பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

• தக்காணச் சாம்பல் மேடுகள்: இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த இந்தியச் சான்று இதுவே. கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளிலும் ஆந்திரம், தெலங்கானாவிலும் பெரிய சாம்பல் குவியல்கள் உள்ளன. உள்ளூர்க் கதை, பீமன் கொன்ற அரக்கனின் சாம்பல் என்றது. எரிமலைக் கழிவு, இரும்பு உருக்கிய கசடு என்றெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் விவாதித்தார்கள். எரிந்த மாட்டுச் சாணம் என்று சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். பின்னர் ஃபிரெடரிக் ஸாய்னர் ஆய்வகத்தில் சோதித்து அதை உறுதிசெய்தார். மேடுகளில் கிடந்த, கண்ணாடிபோல் உருகிய கட்டிகளுக்கும் விளக்கம் கிடைத்தது: புல்லில் உள்ள சிலிக்கா சாணத்தோடு சேர்ந்து கடும் வெப்பத்தில் உருகியிருக்கிறது. 1957இல் தெலங்கானாவின் உட்னூரைத் தோண்டிய ரேமண்ட் ஆல்ச்சின், அடுக்குகளுக்கு இடையே மாடுகளின் குளம்புத் தடங்களையும், வேலிக் கம்பம் நட்ட குழிகளையும் கண்டார். அது புதிய கற்கால மாட்டுப்பட்டி என்பது அதனால் தெளிவானது.

• காளிபங்கன் (ராஜஸ்தான்): 1960களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் அகழாய்வு. ஹரப்பாவுக்கு முந்தைய காலத்து உழுத வயல், ஏறத்தாழ கி.மு. 2800. ஒரு திசைச் சால்கள் சுமார் 30 செ.மீ. இடைவெளியிலும், அதைக் குறுக்காக வெட்டும் சால்கள் சுமார் 190 செ.மீ. இடைவெளியிலும் உள்ளன. இங்கே மண்ணில் பதிந்த கோடுகளே சான்று.

• அதிரம்பாக்கம் (திருவள்ளூர்): 1863இல் ஃபுட் கண்டறிந்தார். கற்கருவிகள் களிமண் அடுக்குக்குள் புதைந்திருந்ததால், அடுக்கின் காந்தத் திசையையும், புதைந்த கற்களில் அண்டக் கதிர்கள் உண்டாக்கிய ஐசோடோப்புகளையும் அளந்து, அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு எனக் கணித்தனர். சாந்தி பப்பு குழுவின் இந்த முடிவு வெளியான ஆண்டு 2011.

• தேரி மணல் (தூத்துக்குடி, திருநெல்வேலி): இந்த மணலின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் மணல்துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. இங்குள்ள நுண்கற்கருவிகள் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினர்.

• அமேசான் 'டெர்ரா ப்ரெட்டா': கரி, எலும்பு, பானை ஓடு கலந்த கறுப்பு மண். வளம் குறைந்த காட்டு மண்ணைப் பழங்குடியினர் வளமாக்கியதற்குச் சான்று.

• மண்ணை நுண்ணோக்கியில் பார்க்கும் முறைக்கு முன்னோடி குபியேனா. இதைப் பற்றிய அவருடைய நூல் வெளியான ஆண்டு 1938. பிசினில் இறுக்கிய மண்ணை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துப் பார்ப்பார்கள்.

கீழடிக்கோ ஆதிச்சநல்லூருக்கோ போனால் காட்சிக்கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள். திறந்திருக்கும் குழியின் சுவரில் மண்ணின் நிறம் மாறும் இடங்களை நின்று பாருங்கள். வயலில் பழைய ஓடு கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.