புள்ளிக்கு எத்தனை பைசா?

வெளிநாடு புறப்படுகிறவர்கள் விமானச் சீட்டுக்குப் பத்து இடங்களில் விலை விசாரிக்கிறார்கள். தங்கும் அறைக்கு அந்த அக்கறை காட்டுவதில்லை. துபாயிலோ கோலாலம்பூரிலோ ஐந்து இரவுகள் நல்ல ஹோட்டலில் தங்கினால், அறை வாடகை ஒருவருடைய விமானக் கட்டணத்தையே மிஞ்சிவிடுவது உண்டு. இந்தச் செலவைக் குறைக்கும் வழி ஒன்று நம்மில் பலர் கையிலேயே இருக்கிறது. ஹோட்டல் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அளிக்கும் புள்ளிகளைத்தான் சொல்கிறேன். அவற்றை எப்படிக் கணக்கிட்டுப் பயன்படுத்துவது என்பதே இந்தப் பாடம்.

'அதெல்லாம் பணக்காரர் சமாசாரம்' என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து கம்பெனி வேலையாகச் சென்னை, புனே என்று போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள் கொச்சிக்கும் டெல்லிக்கும் போய்த் தங்குகிறார்கள். பில்லைக் கம்பெனி கட்டினாலும், புள்ளிகள் வழக்கமாகத் தங்கியவர் கணக்கில்தான் சேரும். ஆனால் உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். பதிவதற்குக் கட்டணம் இல்லை. பதியாமல் ஆண்டுக்கு இருபது இரவு வெளியூரில் தங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு விமானக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தன் பயணிகளுக்கு மைல் கணக்கு தொடங்கியது. ஹாலிடே இன், மாரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்கள் 1983இலும், ஹில்டன் 1987இலும் அதே வழியில் இறங்கின. மாரியட் 2016இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கி, இரண்டின் திட்டங்களையும் இணைத்து, 2019இல் 'போன்வாய்' என்று பெயரிட்டது. நமக்கு எட்டும் தூரத்தில் மதுரையின் கோர்ட்யார்ட், கொச்சி இடப்பள்ளியின் மாரியட் ஆகியவை இதில் சேர்ந்தவை. ஆகவே உதாரணத்துக்கு இத்திட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

இதன் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்குப் பத்துப் புள்ளிகள். நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு நூற்றுச் சொச்சம் புள்ளிகள் வரும். நிறுவனத்திடம் நேராகப் பதிவு செய்தால்தான் இது கிடைக்கும். இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் பதிந்தால் பொதுவாகக் கிடைக்காது. ஹோட்டல் அரங்கில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கும் புள்ளி உண்டு. ஒப்பந்தம் எழுதும்போதே உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பந்தி முடிந்த பிறகு கேட்டால் பயன் இருக்காது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முன்பு இந்த ஹோட்டலுக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டிருந்தார்கள். மாரியட் 2022இல் அந்த அட்டவணையைக் கைவிட்டது. இப்போது புற்றடி ஏலத்தில் ஏலக்காய் விலை நாளுக்கு நாள் மாறுவதுபோல அறைக்கான புள்ளியும் மாறுகிறது. ஆகவே 'இத்தனை புள்ளி இருக்கிறது' என்பதில் பொருள் இல்லை. 'இன்று இந்த அறையில் என் புள்ளிக்கு எத்தனை பைசா?' என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வகுத்தல் கணக்குப் போதும். வரியோடு சேர்ந்த ரூபாய் வாடகையைக் கேட்கப்படும் புள்ளியால் வகுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறையில் வாடகை 9,000 ரூபாய், அல்லது 15,000 புள்ளிகள். வகுத்தால் புள்ளிக்கு 60 பைசா. கூட்டமில்லாத மாதத்தில் அதே அறை 4,500 ரூபாய், அல்லது 12,000 புள்ளிகள். இப்போது புள்ளிக்கு 37½ பைசாதான். முதல் கணக்கில் புள்ளியைக் கொடுக்கலாம். இரண்டாவதில் பணத்தைக் கட்டிவிட்டுப் புள்ளியைச் சேமித்து வைப்பதே நல்லது. பணம் கட்டித் தங்கினால் அதற்கும் புதிய புள்ளி வரும் அல்லவா?

ஐந்து இரவுகளைச் சேர்த்துப் புள்ளியால் பதிந்தால், அவற்றில் குறைந்த புள்ளி கொண்ட இரவு இலவசம். மேற்படி விடுமுறைக் கணக்கில் 75,000 கேட்க வேண்டிய இடத்தில் 60,000 புள்ளிகளே ஆகும். மிச்சப்படும் வாடகை 45,000 ரூபாய். புள்ளிக்கு 75 பைசா. நான்கு இரவு என்று திட்டமிட்டவர்கள் ஐந்தாக நீட்டிக்க இது ஒரு காரணம்.

சேர்ப்பதற்கும் இதே கணக்கை ஓட்டிப் பாருங்கள். புள்ளி ஆசையால் 3,000 ரூபாய் அதிகம் கொடுத்துப் பெரிய ஹோட்டலில் தங்கினால், அந்த அதிகப்படி தொகைக்குக் கிடைப்பது சுமார் 200 ரூபாய் மதிப்புள்ள புள்ளிகளே. புள்ளிகளை விலைக்கும் விற்கிறார்கள். பட்டியல் விலை ஆயிரத்துக்கு 12.50 டாலர், அதாவது புள்ளிக்கு ஒரு ரூபாய்க்கு மேல். 60 பைசாப் பொருளை ஒரு ரூபாய்க்கு வாங்க வேண்டுமா? பதிவுக்குச் சில நூறு புள்ளிகளே குறைகின்றன என்றால் வாங்கலாம், மற்றபடி வேண்டாம்.

மதிப்பு மாறாத திட்டங்களும் உண்டு. நோவோடெல், ஐபிஸ் ஹோட்டல்களை நடத்தும் அக்கார் நிறுவனத்தில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு. தாஜ் ஹோட்டல்களில் செல்லும் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய். இவற்றில் வகுத்தல் வேலை இல்லை. லாட்டரி போன்ற லாபமும் இல்லை.

எல்லாவற்றிலும் காலாவதி உண்டு. மாரியட், ஹில்டன் கணக்குகளில் இருபத்து நான்கு மாதம் வரவோ செலவோ இல்லாமல் இருந்தால் சேர்த்தவை அழிந்துவிடும். அக்காரில் பன்னிரண்டு மாதம். பணி ஓய்வு பெற்றவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பயணம் நின்றதும் கணக்கும் நின்றுவிடுகிறது. 'அடுத்த வருஷம் பேத்தியைப் பார்க்கப் போகும்போது' என்று ஒதுக்கி வைத்தது அப்படியே போய்விடும்.

வளைகுடாவில் உள்ள பிள்ளைகள் தங்கள் புள்ளியில் பெற்றோருக்கு அறை பிடிப்பது உண்டு. அப்போது தங்குகிறவர்களின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஹோட்டலுக்கே போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் வந்து இறங்கும் வயதானவர்கள் மகன் பெயரில் உள்ள பதிவைக் காட்டி வரவேற்பு மேசையில் வாதாட முடியாது. உறுதிக் கடிதத்தை அச்செடுத்துப் பையில் வைத்து அனுப்புங்கள். செல்போன் ஓய்ந்துவிட்டாலும் காகிதம் உதவும்.

இலவச அறை என்றாலும் கையில் பணம் வேண்டும். மலேசியாவில் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும்; 2017 முதல் இது நடைமுறையில் உள்ளது. துபாயில் 2014 முதல் 'டூரிசம் திர்ஹம்' என்று ஹோட்டலின் தரத்துக்கேற்ப ஓர் அறைக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை வாங்குகிறார்கள். இவை புள்ளியில் அடங்குவதில்லை. இவை போக, சாப்பாடு முதலிய செலவுக்கு முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகள் வெளிநாட்டில் செல்லாத நிலையில்தான் நம் கைக்கு வருகின்றன. நெடும்பாசேரியிலோ கோவையிலோ விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே, வங்கியின் செயலியிலோ கிளையிலோ வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும்.