கேட்டு வாங்கு, தம்பி

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு விசா வந்துவிட்டது என்று சித்தி நேற்று போனில் சொன்னார்கள். பருப்புப்பொடி எத்தனை கிலோ வைப்பது, ஊறுகாயை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டார்கள். இங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு நடை நடந்தால் முருங்கைக்காயிலிருந்து இடியாப்ப மாவு வரை வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். சாமானைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெட்டியில் வைக்காமலே நீ கூடக் கொண்டுவரப்போகும் ஒன்றைப் பற்றித்தான் கவலை. பந்தியில் இலை காலியானாலும், பரிமாறுகிறவர் உன் பக்கம் திரும்பும்வரை வாய் திறக்காமல் குனிந்து உட்கார்ந்திருப்பாயே, அந்தக் கூச்சம்.

எனக்கும் அது இருந்தது. வந்த புதிதில் கூடப் படிக்கும் ஓர் ஆங்கிலேயப் பெண் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் அம்மா, "டீ போடட்டுமா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி, "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். நம் வீடாக இருந்தால் இரண்டாவது தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை கையிலேயே திணித்துவிடுவார்கள். அவரோ, "சரி" என்று தலையாட்டிவிட்டுத் தனக்கும் மகளுக்கும் மட்டும் இரண்டு கோப்பையில் ஊற்றினார். குளிரில் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை அவமதிக்கவில்லை. என் வார்த்தையை அப்படியே மதித்தார். இங்கே ஒருவர் வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம் என்றுதான் பொருள். வற்புறுத்துவது மரியாதைக் குறைவு.

வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருந்தால் மூன்று வாரம் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் கழித்திருக்க மாட்டேன். அது இன்னொரு கதை. விடுதியின் பொதுச் சமையலறையில் முதல் தடவை சாம்பாருக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, வற்றல் மிளகாய் கருகிய நிமிஷம் கட்டடம் முழுவதும் அபாய மணி அலறியது. நாற்பது ஐம்பது பேர் செருப்பும் போர்வையுமாகத் தெருவில் வந்து நின்றார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கமே போகவில்லை. கடைசியில் பசி தாங்காமல் விடுதிப் பொறுப்பாளரிடம் போய், "நான் இங்கே சமைக்கலாமா, கூடாதா?" என்று கேட்டேன். அவர் கூடவே வந்து காட்டினார். சமையலறைக் கூரையில் இருப்பது சூட்டை மட்டும் உணரும் கருவி. புகையை உணரும் கருவி நடைவழியில் இருக்கிறது. நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளித்தது. கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, அடுப்புக்கு மேலே உள்ள மின்விசிறியைப் போடு என்றார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

இந்த ஊரில் கூச்சத்தால் பட்டினி கிடந்த முதல் ஆள் நான் இல்லை. 1888இல் சட்டம் படிக்க வந்த காந்திக்கு அப்போது கிட்டத்தட்ட பத்தொன்பது வயது. புலால் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தவர். மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் தங்கினார். தட்டில் வைத்ததற்கு மேல் கேட்கத் துணியவில்லை. அந்த அம்மாளின் இரண்டு பெண்களும் வற்புறுத்தி ஓரிரு துண்டு ரொட்டி கூட வைப்பார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் தன் வயிறு நிறையும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். சைவ உணவகங்கள் நகரில் உண்டு என்று வீட்டுக்கார அம்மாள் சொன்ன பிறகு, தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கேயே ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். இங்கிலாந்து வந்து அவர் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான். அந்தச் சாப்பாட்டு மேசை வழியாக அவருக்கு இந்த ஊரில் புதிய நண்பர்கள் கிடைத்தார்கள், சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் சேர்ந்தார்.

அதே புத்தகத்தில் இன்னொரு இடத்தை நீ கட்டாயம் படிக்க வேண்டும். வந்திறங்கியதும் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா என்ற நண்பர் அவருக்குச் சில பாடங்கள் சொன்னார். அடுத்தவர் பொருளைத் தொடாதே, பார்த்தவுடன் நம் ஊரில் கேட்பதுபோல் கேள்வி கேட்காதே, சத்தமாகப் பேசாதே, ஆளுக்கு ஆள் 'சார்' போடாதே. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாகியும் நாலும் செல்லுபடியாகின்றன. உன் பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். முதல் மாதம் நாக்கு எழும்பாது, பிறகு பழகிவிடும்.

கேள்வி கேட்காதே என்று மேத்தா சொன்னதை மட்டும் சரியாகப் புரிந்துகொள். உனக்கு என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்பது போன்ற கேள்விகளை அவர் சொன்னார். நாம் அதையெல்லாம் தயங்காமல் கேட்கிறோம். ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துச் சாதி தெரிந்துகொள்ளும் கேள்வியும் நம்மோடு விமானம் ஏறி இங்கே வந்திருக்கிறது. அதை உன்னிடம் கேட்பவருக்குப் பதில் சொல்லாதே, நீயும் யாரிடமும் கேட்காதே. ஆனால் வகுப்பில் புரியவில்லை என்று கேட்கவும், நோய் என்று மருத்துவரிடம் போகவும் மட்டும் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

விசாவுக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறாய். வந்த முதல் வாரமே பக்கத்தில் உள்ள ஜி.பி. என்னும் பொது மருத்துவரிடம் பேரைப் பதிந்துகொள், அதற்குக் காசு இல்லை. ராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். முதுகலை மாணவர்களுக்குக் கோடையும் பெரும்பாலும் படிப்புக் காலமாகவே கணக்கு, விடுமுறை ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் வேறு மாதிரி சொல்வார்கள். நீ கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேள். இதில் தப்பினால் விசாவுக்கே ஆபத்து.

வாடகை முன்பணமும் அப்படித்தான். நான் முன்பு இருந்த வீட்டின் சொந்தக்காரர், காலி செய்த பிறகு சுவரில் கறை என்று சொல்லி முழுப் பணத்தையும் பிடித்துக்கொண்டார். முன்பணத்தை வாங்கிய 30 நாளுக்குள் அரசு அனுமதித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அவர் போட்டிருக்க வேண்டும் என்று கூடப் படிக்கும் ஒருத்தி சொன்னாள். "எந்தத் திட்டத்தில் போட்டீர்கள்?" என்று ஒரே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த வாரமே பணம் வந்துவிட்டது. ஒன்று நினைவில் வை. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து உனக்கு ஓர் அறை மட்டும் விட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாயால் கேட்க வரவில்லை என்றால் எழுதிக் கேள். காந்திக்கு இங்கே இருந்த மூன்று வருஷமும் அந்தக் கூச்சம் போகவில்லை. செயற்குழுவில் பேச நினைத்ததை எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கவும் துணிச்சல் வரவில்லை, இன்னொருவர்தான் படித்தார். ஆனாலும் அவர் கருத்து சபைக்குப் போய்ச் சேர்ந்தது.

டிசம்பரில் நாலு மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். அப்போது அறைக்குள் தனியாக இருக்காதே. பிட்ஸ்ராய் சதுக்கத்தில் இந்திய ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது. நம் சேலத்துக்காரர் கே. டி. பால் 1920இல் இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கியது. அங்கே சாப்பாடு உண்டு, விடுதியில் தங்காதவர்களும் போய்ச் சாப்பிடலாம். நான் போகிற நாளெல்லாம் தெரியாத யாராவது எதிரே வந்து உட்காருவார்கள். ஈஸ்ட் ஹாம் கடைகளில் யாழ்ப்பாணத்து அம்மாக்கள், "தம்பி, எவ்விடம்?" என்பார்கள். அது வெறும் ஊர் விசாரிப்பு, அன்போடு பதில் சொல். அவர்களில் பலர் போரில் வீடிழந்து வந்து, மொழி தெரியாத ஊரில் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டே வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவர்கள். எந்தப் பேருந்து, எந்த அலுவலகம் என்று அவர்களிடம் கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாகச் சொல்வார்கள்.

நீ வருகிற அன்று ஹீத்ரோவில் நான் நிற்பேன். முதல் சாப்பாடு என் அறையில்தான். சோறும் புளிக்குழம்பும் வைத்திருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு தாளித்த குழம்பு. பற்றவில்லை என்றால் தட்டை நீட்டி இன்னும் வை அக்கா என்று கேள்.

அன்புடன்,
அக்கா