வெப்பப் பரிகரிப்பும் நாக - அலுமினியக் கலப்புலோகமும்

மாணவர்களே, "வன்மை கூடினால் தேய்வு குறையும்" எனப் பலர் யோசியாமல் எழுதிவிடுகின்றனர். பல இடங்களில் இது சரி. ஆனால் எல்லா இடங்களிலும் சரியன்று. இசட்ஏ-27 என்ற கலப்புலோகம் இதற்கு நல்ல உதாரணம். பெயரை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. காரணங் கூறும் முறையைக் கவனியுங்கள்.

1. அமைப்பு
திணிவுப்படி ஏறத்தாழ 27% அலுமினியம், 2% செம்பு, மிகச் சிறிதளவு மகனீசியம் ஆகியன உண்டு. மீதி நாகம். இது வெண்கலத்தை விட அடர்த்தி குறைந்தது. மெதுவாகச் சுழன்று பெருஞ்சுமை தாங்கும் இடங்களில் வெண்கலத்துக்குப் பதிலாகப் பெயரிங் செய்யப் பயன்படும்.

2. வார்ப்பிலுள்ள குறை
உருகிய உலோகம் அச்சினுள் இறுகும்போது அலுமினியம் செறிந்த பகுதி மரக்கிளை வடிவில் முதலில் திண்மமாகும். நாகம் செறிந்த பகுதி கிளைகளின் இடையே பின்னர் இறுகும். எனவே உள்ளமைப்புச் சீராக இராது.

3. வெப்பப் பரிகரிப்பு
வார்ப்பை ஏறத்தாழ 370 பாகை செல்சியசில் சில மணி நேரம் வைத்திருந்து நீரில் விரைவாகக் குளிர்த்தலாம். ஏறத்தாழ 375 பாகையில் இது உருகத் தொடங்கும். ஆகவே வெப்பநிலையைக் கவனமாகக் கட்டுப்படுத்தல் வேண்டும்.

4. பெறுபேறுகள்
(அ) வன்மை குறையும்.
(ஆ) இழுவை வலிமை குறையும்.
(இ) முறியுமுன் நீளும் அளவு கூடும்.
(ஈ) எண்ணெயிட்டும் எண்ணெயிடாமலும் செய்த உராய்வுச் சோதனைகளில் தேய்வு குறைந்துள்ளது.

ஒப்பிடுக: கொல்லன் பட்டறையில் உயர்காபன் உருக்குக் கத்தியைச் செஞ்சூடாக்கி நீரில் அமிழ்த்தினால் அதன் வன்மை கூடும். இங்கோ குறைகிறது. ஆகவே "நீரில் குளிர்த்தினால் வன்மை கூடும்" என்பதும் பொதுவிதியன்று.

மாதிரி வினா
வெப்பப் பரிகரிப்பின் பின் இசட்ஏ-27 பெயரிங்கின் வன்மை குறைந்தது. ஆயினும் தேய்வும் குறைந்தது. காரணந் தருக.

விடை
தேய்வு வன்மையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. பரிகரிப்பின்போது கிளையமைப்பு உடைந்து, கூறுகள் நுண்ணியதாகச் சீராகப் பரவுகின்றன. இதனால் வெடிப்புத் தோன்றும் போக்குக் குறைகிறது. உராயும்போது மேற்பரப்பிலிருந்து துணிக்கைகள் கழல்வதும் குறைகிறது.

கவனிக்க: "வன்மை குறைந்தது, எனவே தேய்வு கூடும்" என எழுதினால் அது வினாவில் தந்த அவதானத்துக்கே முரணாகும், புள்ளி கிடைக்காது. முதலில் அவதானத்தை வாசியுங்கள். அதன் பின்னரே விதியைத் தேடுங்கள்.