வீட்டு அறையில் ஒரு பந்தயக் கார்

கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2011 முதல் 2013 வரை அப்பந்தயம் நம் தலைநகரை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலேயே நடந்தது. அந்த ஆசை நம் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் கார் ஓட்டும் உரிமத்துக்கு 18 வயது நிறைய வேண்டும். அதுவரை சரோஜினி நகர் வீட்டின் சிறிய அறையிலும் கணினிப் பந்தயம் ஆடலாம். அதற்கான இருக்கையைக் குறைந்த செலவில் அமைக்கும் முறை இதோ:

1. அடிப்பலகை: 18 மி.மீ. பிளைவுட் போதும். பிரேக்கை மிதிக்கும்போது அந்த விசை நம்மைப் பின்னால் தள்ளும். ஆகவே மிதிகளையும் இருக்கையையும் ஒரே பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். தனித்தனியே இருந்தால் நாற்காலி நழுவும். காலுக்கு அளவு பழகாது.

2. இருக்கை: மாயாபுரியில் பழைய கார் இருக்கையைப் பேரம் பேசி வாங்கலாம். பக்கவாட்டு ஏர்பேக் பொருத்தியது வேண்டாம், அது ஆபத்து. மிதி முழுதும் அழுந்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும்.

3. திரை: 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால் அது 53 பாகை அளவுக்குத் தெரியும். விளையாட்டிலும் கிடைமட்டப் பார்வைக் கோணத்தை அவ்வாறே வையுங்கள். வளைவின் தூரம் சரியாகத் தெரியும்.

திரையில் மோதினால் மறுபடி தொடங்கலாம். ரிங் ரோட்டில் அது இயலாது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.