வலியறிதலும் துவிச்சக்கரவண்டியும்

துவிச்சக்கரவண்டி ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான ஊர்தியாகும். பாடசாலைக்குச் செல்லும் மாணவனும், வேலைத்தலத்திற்கு விரையும் தொழிலாளியும், சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்லும் வணிகனும் அதன் துணையை நாடுகின்றனர். அவ்வண்டியே போட்டிக்குரிய கருவியாகும்போது, கால்வலிமை மிக்கவனே வெல்வான் என்று பலர் கருதிவிடுகின்றனர். போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் விழித்தெழுந்து, நாடோறும் மூச்சு முட்ட மிதித்து, போட்டி நாளன்று களைத்து நிற்கும் இளைஞரை எவ்வூரிலும் காணலாம். அவர்களிடம் ஊக்கம் குறைவன்று. அளவறியும் அறிவே குறைவு.

திருக்குறளில் வலியறிதல் என்பது நாற்பத்தெட்டாம் அதிகாரம். ஒரு செயலில் இறங்குமுன் அச்செயலின் கடுமை, தன் ஆற்றல், எதிர்ப்பவனின் ஆற்றல், துணைவரின் ஆற்றல் ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்று வள்ளுவர் அங்கே வற்புறுத்துகின்றார். அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர்க்கும் எவ்வளவு பொருந்துகின்றது என்பதை இன்றைய விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செயலின் கடுமை

முதலில் நாம் ஓடும் பாதையை நோக்குவோம். மாத்தளை மலைகளால் சூழப்பட்ட நகரம். தெற்கே அளவத்துகொடை, அக்குறணை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பாதை ஏற்ற இறக்கங்கள் உடையது. வடக்கே அலுவிகாரை, நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பாதை படிப்படியாக உலர்வலயச் சமவெளியை நோக்கித் தாழ்கின்றது. கிழக்கே றத்தோட்டையைக் கடந்து ரிவர்ஸ்டனை நோக்கிச் செல்லும் பாதையோ நக்கிள்ஸ் மலைத்தொடரின்மீது வளைந்து வளைந்து ஏறுகின்றது. ஒரே ஊரிலிருந்து புறப்படும் இம்மூன்று பாதைகளும் ஓட்டுநனிடம் மூன்று வேறு திறன்களைக் கேட்கின்றன.

ஏற்றத்தில் நாம் எதிர்த்து உழைப்பது புவியீர்ப்பையே. 60 கிலோகிராம் நிறையுடைய ஒரு மாணவன் 15 கிலோகிராம் நிறையுடைய வண்டியில் 500 மீற்றர் உயரம் ஏறுகின்றான் என்று கொள்வோம். இருவகை நிறையையும் அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 370 கிலோயூல் வேலை செய்யப்பட வேண்டும். மெதுவாக ஏறினாலும் விரைவாக ஏறினாலும் இவ்வேலை மாறாது. அதைச் செய்யும் வீதமே மாறும். நூற்றுக்கு ஆறு என்ற சாய்வில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 150 வாற்றளவு வலு செலவாகும். ஆகவே ஏற்றத்தில் நிறை குறைவதே ஆதாயம். அவ்வண்டி 5 கிலோகிராம் குறைந்ததாயின் உழைப்பில் பதினைந்தில் ஒரு பங்கு மிஞ்சும். சமதரையில் அதே 5 கிலோகிராமால் வரும் வேறுபாடு மிகச் சிறிது.

எதிரியின் ஆற்றல்

சமதரையில் ஓட்டுநனின் தலையாய எதிரி காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும். அதனை வெல்வதற்கு வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்திற்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தை 40 ஆக்க விரும்புபவன், காற்றுக்கு எதிராக இருமடங்கு அன்று, எண்மடங்கு வலுவைச் செலவிட வேண்டும். உடலைத் தாழ்த்தி, முழங்கைகளை ஒடுக்கி அமர்தல் வெறும் அழகுக்கன்று என்பது இதனாற் புலனாகும். பெல்ஜியம் நாட்டு வீரர் எடி மேர்க்ஸ் 1972ஆம் ஆண்டு ஒரு மணி நேரச் சாதனையை நிலைநாட்ட மெக்சிக்கோ நகரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்நகரிற் காற்றின் அடர்த்தி குறைவு. ஆங்கு அவர் 49.431 கிலோமீற்றர் ஓடினார். எதிரியை அறிந்து களத்தைத் தேர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நிற்க, காற்று எதிரி மட்டுமன்று, நண்பனுமாகும். மனித உடல் தான் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கையே மிதிக்கும் வேலையாக மாற்றவல்லது. மிகுதி வெப்பமாகின்றது. முற்கூறிய மாணவன் 500 மீற்றர் ஏறிமுடிக்கும்போது அவன் உடலில் 1,100 கிலோயூல் வெப்பம் தோன்றியிருக்கும். அது வெளியேற வழியில்லையாயின் அவன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை உயர்ந்து, உயிருக்கே இறுதியாகும். அவனைக் காப்பது வியர்வை. வியர்வையை ஆவியாக்கிக் குளிர்விப்பது காற்று. அவ்வளவு வெப்பத்தையும் வியர்வை ஒன்றே அகற்றுவதாயின் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீர் ஆவியாக வேண்டும்.

இங்கேதான் மலைநாட்டு ஓட்டுநன் ஏமாறுகின்றான். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் எதிர்ப்பு நீங்குகின்றது. அதனோடு காற்றின் குளிர்ச்சியும் நீங்குகின்றது. உழைப்போ உச்சத்தில் நிற்கின்றது. எதிரி விலகினான் என்று மகிழும் அவ்வேளையில் நண்பனும் விலகிவிட்டான் என்பதை அவன் உணர்வதில்லை.

இதன் கொடுமையை வரலாறு காட்டுகின்றது. 1960ஆம் ஆண்டு உரோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பாக மொறிஸ் குமாரவேல் துவிச்சக்கரவண்டி ஓட்டத்திற் பங்குபற்றினார். அவ்விழாவிலேயே ஓகஸ்ட் 26ஆம் திகதி, 100 கிலோமீற்றர் குழு ஓட்டத்தின்போது, டென்மார்க் நாட்டு இளைஞர் நூட் எனமார்க் ஜென்சன் கடும் வெப்பத்தில் மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தார். ஊக்கமருந்து பற்றிய விவாதமும் அதனைத் தொடர்ந்து எழுந்தது. 1967ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி ஆங்கில வீரர் ரொம் சிம்சன், பிரான்சு நாட்டின் மோன் வாந்தூ மலையேற்றத்தில், வெயிலின் கொடுமையோடு ஊக்கமருந்தும் சேர்ந்து வருத்த, வீழ்ந்து மாண்டார். உடல் தரும் எச்சரிக்கையை உணரவொட்டாமல் மறைப்பதே அம்மருந்தின் தீமை. மரக்கொம்பின் நுனிவரை ஏறியபின்னும் மேலே செல்ல முனைபவனின் முடிவை வள்ளுவர் இவ்வதிகாரத்திலேயே காட்டி எச்சரித்துள்ளார்.

தன் ஆற்றல்

ஓட்டுநனின் ஆற்றல் காலில் மட்டும் தங்கியதன்று. சுவாசப்பை ஏற்கும் ஒட்சிசனை இதயம் குருதிவழியே தசைக்கு அனுப்புகின்றது. தசை அதனைக்கொண்டு எரிபொருளைச் சக்தியாக்குகின்றது. நாள்பட்ட பயிற்சியால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடும். தசையில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகும். இம்மாற்றங்கள் இரண்டு நாட்களில் வருவன அல்ல. வாரங்களும் மாதங்களும் வேண்டுவன.

கடும் உழைப்பிற் பெரிதும் எரிவது கிளைக்கோசன். நாம் உண்ணும் சோறு, கிழங்கு முதலியவற்றின் காபோவைதரேற்று இவ்வடிவில் தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகின்றது. இது தொடர்பாக 1966ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் பேர்க்ஸ்ற்றோம், ஹுல்ற்மன் ஆகிய இருவரும் ஓர் அரிய சோதனையை வெளியிட்டனர். அவர்கள் தம் உடலையே சோதனைப் பொருளாக்கி, நிலையாக நிறுத்தப்பட்ட ஒரே சைக்கிளின் இருமருங்கும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். உழைத்த காலின் கிளைக்கோசன் ஏறக்குறைய முற்றும் தீர்ந்தது. ஓய்ந்திருந்த காலில் அது குறையவில்லை. அதன்பின் மூன்று நாட்கள் காபோவைதரேற்று மிகுந்த உணவை உண்டனர். உழைத்த கால் இழந்ததை மீட்டதோடு நில்லாமல், மற்றக் காலைப்போல் இருமடங்களவு சேமித்துக்கொண்டது.

இச்சோதனை நமக்குப் புகட்டும் பாடம் பெரிது. உண்டது ஒரே உணவுதான். உழைத்த கால் மட்டுமே மிகுதியாகச் சேமித்தது. எனவே உழைப்பின்றி வளர்ச்சி இல்லை. ஆயினும் அச்சேமிப்பு நிகழ்ந்தது மிதித்த நேரத்திலன்று. அதன் பின்னர் வந்த உணவு நாட்களிலும் ஓய்வு நாட்களிலுமே. வீதி உடலிடம் வேண்டுகோளை வைக்கின்றது. அதனை நிறைவேற்றுவன உணவும் உறக்கமும். வண்டியில் ஏற்றுவது மயிலிறகே ஆயினும், அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உவமையும் வலியறிதலில் உண்டு. ஒவ்வொரு நாளும் சிறிதுதானே என்று ஓய்வைக் குறைத்துக்கொண்டு போகும் மாணவனுக்கு இதனினும் ஏற்ற உவமை கிடைத்தல் அரிது.

தன் ஆற்றலை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வருக. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு உயர்ந்து நிற்குமாயின் உடல் இன்னும் தேறவில்லை என்று கொண்டு அன்று ஓய்க. மாதம் ஒருமுறை ஒரே ஏற்றத்தை ஒரே வேளையில் ஏறி நேரத்தைக் குறித்துக்கொள்க. இவ்விரு குறிப்புகளும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஏறினாற் போதும்.

துணையின் ஆற்றல்

துணைகளுள் முதலாவது வண்டி. காற்று நிரம்பிய ரயரை 1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரில் டன்லப் என்பார் ஆக்கியதன் பின்னரே துவிச்சக்கரவண்டி விரைவும் இன்பமும் உடைய ஊர்தியாயிற்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர், 1876இல், இலங்கை மண்ணுக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று மாத்தளை மாவட்டத்திலும் பால் சொரிகின்றன. அந்த ரயரிற் காற்றுக் குறைந்திருப்பின் ஒவ்வொரு சுழற்சியிலும் உழைப்பு வீணாகும். இருக்கையின் உயரமும் கருதத்தக்கது. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருத்தல் வேண்டும். மிகத் தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும். இறக்கத்தில் உயிர் காப்பவை நல்ல தடுப்புகளும் தலைக்கவசமுமே.

இரண்டாவது துணை உடன் ஓடுவோர். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓடும்போது, பின்வருபவர்க்கு விரைந்த ஓட்டத்தில் உழைப்பின் கால்பங்களவு மிஞ்சும். முன்னிலையை மாறி மாறி ஏற்கும் குழு, தனியொருவனை எளிதில் முந்தும். மூன்றாவது துணை நீரும் உணவும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் நீரும், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை காபோவைதரேற்றும் வேண்டும். ஒன்றிரண்டு வாழைப்பழம் அதில் பெரும்பகுதியைத் தரும். ஓட்டத்தின் நடுவே நீர் அருந்தலாகாது என்ற பழைய எண்ணம் கைவிடப்பட வேண்டியது. தாகமின்றி அளவிறந்து குடித்தலும் தீதே.

பயிற்சி முறை

மேற்கூறியவற்றை ஒரு முறையாக அமைப்போம். போட்டிக்குப் பன்னிரண்டு வாரங்கள் முன்னர்த் தொடங்குதல் நன்று. முதல் ஆறு வாரங்கள், வாரத்தில் நான்கு நாட்கள், அருகில் வருபவனோடு தடையின்றி உரையாடக்கூடிய வேகத்தில் ஓடுக. தூரத்தை வாரந்தோறும் சிறிது கூட்டி, நான்காவது வாரத்திற் குறைத்துக்கொள்க. அடுத்த ஐந்து வாரங்களில், வாரம் இரு நாட்களுக்கு மிகாமல், ஓர் ஏற்றத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடங்கள் வலிந்து மிதித்து, அவ்வளவு நேரம் மெல்ல ஓடி இளைப்பாறி, நான்கைந்து முறை மீளச் செய்க. தொடர்ச்சியாகத் தாங்க முடியாத உழைப்பை இடைவேளைகளாற் பிரித்து நெடுநேரம் செய்யலாம் என்பதை சுவீடன் நாட்டு ஒஸ்ற்றான்ட் முதலியோர் 1960இல் நிறுவினர். இறுதி வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குக. இடையிடையே சிறிது வேகம் மட்டும் இருக்கட்டும். தம்புள்ளை, அநுராதபுரம் போன்ற வெப்பம் மிக்க இடங்களிற் போட்டியாயின், பத்துப் பதினான்கு நாட்கள் வெப்பத்தில் அளவாகப் பயின்று உடலைப் பழக்கிக்கொள்ளல் அவசியம். தலைச்சுற்றல், குளிர் நடுக்கம், சித்தத் தடுமாற்றம் ஆகியன தோன்றின், வெற்றி அருகில் இருப்பினும் இறங்கிவிடுக. அவ்வாறு தடுமாறுபவனைக் காண்போர் அவனை நிழலிற் கிடத்தி, நீரால் நனைத்து, விசிறி, விரைவில் வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

முடிவுரை

போட்டியில் முதலிடம் ஒருவனுக்கே உரியது. தன் ஆற்றலை அளந்து, அதனை நாடோறும் சிறிது வளர்த்து, ஓய வேண்டிய வேளையில் ஓயும் அறிவோ பங்குபற்றும் அனைவர்க்கும் உரியது. அது வீதியிற் பயின்றாலும் தேர்வு மண்டபத்திலும் வாழ்க்கையிலும் உதவும். விழாக் கொண்டாடும் இவ்வேளையில், கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: வெற்றிக் கிண்ணங்கள் வழங்குதல் சிறப்பே. அவற்றோடு ஒரு நேரக்கணிப்புக் கடிகாரமும், பாதையோரத்தில் குடிநீரும், முதலுதவி அறிந்த ஒருவரும் கிடைக்கச் செய்வீராயின், பந்தயத்திற் புறப்படும் மாணவர் அனைவரும் நலமே இல்லம் மீள்வர். முதற் பரிசினும் பெரிய பரிசு அதுவே.